கன்னத்து நிழல்

அச்சுக்கூடத்தில் எட்டு ஓவியர்கள், அவர்களில் ஓர் அக்காவும் தம்பியும். ஒருவர் முகத்தை மற்றவர் செதுக்கி அச்சிடுவதென்று சீட்டுக் குலுக்கியதில், தம்பிக்கு அக்காவே வந்து வாய்த்தாள்.

"சின்ன வயசுக் கோபத்தையெல்லாம் உளியில காட்டிராதடா," என்றாள். கூடமே சிரித்தது.

ரப்பர் போல உளிக்கு இணங்கும் ஒரே லினோ தகட்டில் மூன்று வண்ணம். தாளில் மஞ்சள் அடித்து, மஞ்சளாக நிற்க வேண்டிய இடத்தைத் தகட்டில் செதுக்கி எறிந்துவிட்டு, அதே தாளின்மேல் பழுப்பு. மறுபடி செதுக்கி, கடைசியில் கறுப்பு. செதுக்கினால் செதுக்கியதுதான், திரும்ப ஒட்ட வழியில்லை.

பழுப்பு காய்வதற்குள் அக்கா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து எதிரே வந்து உட்கார்ந்தபோது, அந்தப் புசுபுசுக் கன்னம் குழி விழுந்திருந்தது.

"கொஞ்சம் தேறி வாக்கா, அப்புறம் செதுக்கறேன்."

"தேறுற உடம்பாடா இது? இருக்கறபடி போடு. கன்னத்து நிழலைச் செதுக்காம கறுப்புக்கு விடு. பொய் மூஞ்சியோட என்னை மாட்டினே, பேயா வந்து உன் ரோலரை ஒளிச்சு வச்சிருவேன்."

"சரி சரி, அடுத்த வாரம்."

அடுத்த வாரமும் அதே கதை. அவள் வந்து உட்காருவாள். அவன் மை குழைப்பான், உளியைத் தீட்டுவான், முகத்தை மட்டும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான். கறுப்பு ஏறினால் படம் முடிந்துவிடும். முடியாத வரைக்கும் அவள் வந்துதானே ஆகவேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் அற்ப நம்பிக்கை.

ஐந்தாவது வாரம் அவள் வரவில்லை. அதன்பின் வரவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துத் தகட்டை எடுத்தான். கை ஓடவில்லை. கண்ணை மூடினால் பழைய அக்காதான் வந்தாள். கன்னம் குழிந்த அக்காவை அவன் ஏறெடுத்துப் பார்த்திருந்தால்தானே!

"உனக்குத் தெரிஞ்ச முகத்தையே போடேன். யாரு கேட்கப்போறா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"அவ கேட்டாளே."

தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தான். மாமா தனியாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கடைசியில அவ கன்னம்... எவ்வளவு உள்ள போயிருந்துச்சு?"

மாமா மடிப்பதை நிறுத்தினார். கட்டைவிரலைத் தன் கன்னத்தில் வைத்து, பல் தட்டுப்படும்வரை அழுத்தினார்.

"இவ்ளோ," என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

தம்பி தகட்டை மடியில் வைத்துப் பென்சிலை எடுத்தான். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை.

"கையை எடுத்துராதீங்க மாமா. அப்படியே இருங்க."