கீசர் மாட்டிய நாள்

கூடத்தில் கிடந்த கீசர் அட்டைப்பெட்டியை நகர்த்தினால்தான் கட்டிலை நேராகப் போட முடியும் என்றார், மய்யித்தைக் குளிப்பாட்ட வந்திருந்த ரஹ்மத்தம்மா. ஹப்சா ஒரு பக்கம், அஃப்ரின் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பெட்டியின் மேலிருந்த மூக்குக்கண்ணாடி சரிந்து ஹப்சாவின் காலடியில் விழுந்தது. உடையவில்லை.

"அம்மாவோட கண்ணாடி" என்று அஃப்ரின் மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

கதீஜா அஃப்ரினுக்குத் தாய், ஹப்சாவுக்கு மாமியார். கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனவர், முகம் கழுவிய ஈரத்தோடு குளியலறை வாசலில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். வந்து பார்த்த டாக்டர், இதயம் நின்றுவிட்டது, வயதும் ஆச்சு இல்லையா என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் ஹப்சாவை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பழைய கீசர் அடியில் ஓட்டை விழுந்து துருத்தண்ணி சொட்ட ஆரம்பித்ததும் அதைக் கழற்றிப் போட்டாயிற்று. புதுசு வாங்க ஹப்சாவும் மாமியாரும் வில்லியனூர் கடைக்குப் போனார்கள். மாமியார் சின்னதைக் காட்டினார். ஹப்சா பெரியதைக் காட்டினாள்.

"ஒளு செய்ய இம்மாம் பெரிய தொட்டியாடி?" என்றவர், கடைக்காரரைப் பார்த்து, "இவளுக்கு இன்னா, உள்ள போனா ஊரு தண்ணிய ஊத்திட்டுதான் வெளிய வருவா" என்று சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். ஹப்சாவுக்குக் காது சுட்டது. பெரியதைத்தான் வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஆம்பளைகள் எல்லாம் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம், கீசர் மாட்டும் அருள்முருகன் வந்து கதவைத் தட்டினான்.

"யாருடி?" என்றார் மாமியார் உள்ளேயிருந்து.

"கீசர் மாட்ற ஆளு."

"வரச் சொல்லு. நான் இருக்கேன்ல."

"ஆம்பளைங்க இல்லாத நேரத்துல வேலைக்காரங்கள உள்ள வுடக்கூடாதுன்னு நீங்கதான மாமி சட்டம் போட்டீங்க? நானா போட்டேன்?"

அது அவர் போட்ட சட்டம்தான். ஹப்சா கல்யாணமாகி வந்த புதிதில், கேபிள்காரரை உள்ளே விட்டதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது அவளுக்கு மறக்கவில்லை. அருள்முருகன், கைநிறைய வேலை இருக்கிறது, இனி திங்கட்கிழமைதான் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அன்று மத்தியானம் பூராவும், ஒரு தடவையாவது ஜெயித்துவிட்டோம் என்று ஹப்சாவுக்கு உள்ளுக்குள் இனிப்பாக இருந்தது.

அதற்கப்புறம் மாமியார் அந்தப் பெட்டியையே மேஜையாக வைத்துக்கொண்டார். கண்ணாடி, தஸ்பீஹ் மணி, டீ கிளாஸ் எல்லாம் அதன் மேல்தான். "தண்ணி சூடு பண்ணுதோ இல்லியோ, டீ வைக்க ஆச்சி" என்றார். ஹப்சா எழுந்து அடுப்பில் தண்ணி காய வைக்கிற நேரம் வேறு. மாமியார் எழுகிற நேரம் வேறு. மார்கழிக் குளிரில் இருட்டோடு எழுந்து, யாரையும் எழுப்பாமல், பச்சைத்தண்ணியிலேயே ஒளு செய்தார். இன்றைக்கு, திங்கட்கிழமை விடியற்காலையும் குழாய் திறக்கிற சத்தம் ஹப்சாவுக்குக் கேட்டது. எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைக்கலாம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே போர்வையைக் காதுக்கு மேலே இழுத்துவிட்டாள்.

வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. அருள்முருகன் டிரில் பையோடு பந்தலைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"பாய், இன்னிக்கி வரேன்னு சொல்லியிருந்தேன். தெரியாம வந்துட்டேன். அப்பறமா வரேன்."

நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்த ஹப்சாவின் புருஷன் தமீம் தலையைத் தூக்கினான். "போவாத. மாட்டிட்டுப் போ."

"இன்னாப்பா இது" என்றார் ரஹ்மத்தம்மா. "மய்யித்து வூட்ல செவுத்த குடையற சத்தம் வேணாம்பா. குளிப்பாட்ற தண்ணிய பக்கத்து வூட்ல அண்டா போட்டுக் காய வச்சிக்கலாம்."

"அம்மாவுக்குன்னு வாங்குனது, மாமி" என்றான் தமீம். "ஒரு வாட்டியாவது அதுல குளிக்கட்டும்."

ரஹ்மத்தம்மா நகர்ந்து வழிவிட்டார்.

டிரில் ஓடும்போது கூடத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். தமீம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கழற்றிப் போட்ட பழைய தொட்டி மூலையில் கிடந்தது. அருள்முருகன் அதற்குள்ளிருந்து துரும்பு மாதிரி ஒரு கம்பியை உருவிக் காட்டினான்.

"இந்த ராடுதான் பாய். கட்டை வெரல் தடிமன் இருந்துச்சி. நம்ம போர் தண்ணி மொதல்ல இதத்தான் தின்னும். இது தீந்துபோச்சின்னா தொட்டிய தின்னும். வருஷத்துக்கு ஒரு வாட்டி மாத்துங்கன்னு சொல்லிட்டுதான் போனேன்."

"மறந்துட்டோம்" என்றான் தமீம். பிறகு, "வெள்ளிக்கிழமையே வந்தியாமே?"

ஹப்சா கையில் செம்புத் தண்ணியோடு வாசலில் நின்றிருந்தாள். அருள்முருகனின் கண் ஒரு தரம் அவள் பக்கம் போய் வந்தது.

"வந்தேன் பாய். அப்போ வந்து..."

"அம்மா அன்னிக்கி ராத்திரியே சொல்லிச்சி. ஆம்பள இல்லன்னு நான்தான் திருப்பி அனுப்பிட்டேன், அவள ஒண்ணும் கேக்காதன்னு." தமீம் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அதுவே போட்ட சட்டம். அதுவே கெடுத்துக்கிச்சி."

அருள்முருகன் தொட்டிக்கு அடியில் குனிந்து நட்டை முறுக்க ஆரம்பித்தான். முறுகிய பிறகும் முறுக்கிக்கொண்டிருந்தான்.

ஹப்சா வாயைத் திறந்தாள். இல்லீங்க, நான்தான். இரண்டே சொல். தமீம் சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போகிற வரைக்கும் அந்த இரண்டு சொல்லும் வரவில்லை.

"அக்கா" என்றான் அருள்முருகன், அவளைப் பார்க்காமல். "தண்ணி ரொம்பாம சுவிட்ச் போடாதீங்க. சிவப்பு லைட்டு அணைஞ்சா சூடாயிடிச்சின்னு அர்த்தம். அட்டைப்பெட்டிய தூக்கிப் போட்றாதீங்க, வாரண்டிக்குக் கேப்பாங்க." செம்பை வாங்காமலே பையை மாட்டிக்கொண்டு போனான்.

கொல்லையில் சேலைகளைத் திரையாகக் கட்டிப் பலகை போட்டார்கள். இலந்தை இலை போட்ட வாளிகளில் ஹப்சாதான் தண்ணியைக் கலந்து கலந்து கொடுத்தாள்.

"சூடு பாத்தியா?" என்றார் ரஹ்மத்தம்மா. "உசுரோட இருக்குறவங்களுக்கு ஊத்துற பதம் இருக்கணும்."

ஹப்சா முழங்கையை வாளியில் விட்டுப் பார்த்தாள். கொஞ்சம் பச்சைத்தண்ணி சேர்த்தாள். மறுபடி விட்டுப் பார்த்தாள்.

"பாத்தது போதும்டி, குடு."

வலப்பக்கம் முதலில் ஊற்றினார்கள். மாமியாரின் விரல்களில் பித்தவெடிப்பு மாதிரி தோல் பிளந்திருந்ததை ஹப்சா அப்போதுதான் பார்த்தாள். வெந்நீர் பட்ட இடத்தில் லேசாக ஆவி எழுந்தது. "வா அண்ணி, நீயும் ஒரு செம்பு ஊத்து" என்றாள் அஃப்ரின். "அம்மா கடைசியா உன்கூடத்தான இருந்துச்சி." ஹப்சா ஊற்றினாள். பாதித் தண்ணி பலகைக்கு வெளியே போயிற்று.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் கிளம்பினார்கள். பெண்கள் வாசலோடு நின்றார்கள்.

தமீம் அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து திரும்பும்போது காலெல்லாம் மண். நேராகக் குளியலறைக்குப் போனான். ரொம்ப நேரம் தண்ணி விழுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்.

"நல்லா சூடா வருது. பெருசாப் பாத்து வாங்குனது நல்லதாப் போச்சி. நீயும் போய் ஊத்திக்க."

ஹப்சா தலையாட்டினாள்.

அவன் கூடத்து மூலையிலிருந்த காலிப் பெட்டியைக் காலால் லேசாகத் தள்ளினான். "இத பரண்ல போட்றட்டுமா?"

பெட்டியின் மேல்மூடியில் டீ கிளாஸின் அடிவட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பழுப்பாகப் படிந்திருந்தன. ஹப்சா மாமியாரின் கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, அந்த வட்டங்களின் பக்கத்தில் வைத்தாள்.

"இங்கியே இருக்கட்டும்."

யாரும் இல்லாத குளியலறையில் தொட்டி தானாகச் சூடேறிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு கொஞ்ச நேரம் எரிந்தது, பிறகு டிக்கென்று அணைந்தது.