ஆறு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: ஒரு குடும்பத்தின், ஏன், மனித குலத்தின் எதிர்காலத்தையே தீர்மானிக்கப்போகும் உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம், சனிக்கிழமை மாலை டீக்குப் பிறகு, சாப்பாட்டு மேசையில் கூடியது. மேசையின் ஒரு கால் ஆடியது. அதன் அடியில் மடித்த அட்டை ஒன்றைச் செருகிய பிறகே நடவடிக்கைகள் தொடங்கின.

தலைமை, வீட்டுக்காரர். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் உதவியாளர். எந்த விஷயத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு என்பதில் உறுதியானவர். அதனாலேயே இதுவரை எந்தப் பக்கமும் இறங்கியதில்லை. சிறப்பு அழைப்பாளர், அவருடைய அப்பா. குடிநீர் வாரியத்தில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை நிரந்தர ஊழியர். யாரிடம் அறிமுகம் செய்துகொண்டாலும் பெயருக்கு முன்னால் அதைத்தான் சொல்வார். தெருவில் எல்லாரும் அவரை 'பெர்மனென்ட்' என்றே கூப்பிட்டார்கள். கிண்டல் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மூன்றாவது உறுப்பினர், எந்த மருமகளின் வேலையைப் பற்றிக் கூட்டம் நடந்ததோ அந்த மருமகள். அவளுக்குக் கடைசியில் பேச வாய்ப்புத் தரப்படும் என்று தலைவர் அறிவித்தார்.

விஷயம் இதுதான். மருமகள் காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கவும், ஆளுக்குத் தகுந்தபடி சரிசெய்யவும் படித்தவள். அவள் வேலை பார்த்த கிளினிக்கை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து தெருமுனை மருந்துக்கடையில் பில் போடுகிறாள். இப்போது ஒரு பெரிய கிளினிக் கூப்பிட்டிருக்கிறது. முதலில் ஆறு மாதம் ஒப்பந்தம். பிடித்திருந்தால் அதன் பிறகு நிரந்தரம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மருந்துக்கடையை விட்டால் அங்கே வேறு ஆள் வந்துவிடும்.

"ஃபோன்ல பேசின பொண்ணு, இது வேலையே இல்லைங்கிறா" என்றாள் மருமகள். "ரெண்டு தரப்பும் ஒருத்தரை ஒருத்தர் கண்டடையற பயணமாம்."

"நீ என்ன சொன்னே?" என்றார் தலைவர்.

"பயணத்துக்கு சம்பளம் எப்ப போடுவீங்கன்னு கேட்டேன்."

பெர்மனென்ட் தொண்டையைச் செருமினார். "ஆறு மாசம் பார்த்துட்டுச் சொல்றோம்னா என்னம்மா அர்த்தம்? ஆளை வாடகைக்கு எடுக்கிறான். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப என்னை யாரும் பார்க்கலை. உட்காருன்னாங்க, உட்கார்ந்தேன்."

"அதுக்கப்புறம் எழுந்திருக்கவே இல்லையே" என்றார் மகன்.

"இப்படித்தான் அப்பன்கிட்ட பேசுவியா?"

"பார்க்கப்போனா ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குப்பா."

இந்த இடத்தில் பெர்மனென்ட் வெளிநடப்புச் செய்தார். முழங்கால் ஒத்துழைக்காததால் அவருடைய வெளிநடப்புகள் உட்கார்ந்தபடியே நடக்கும். காதுக்குப் பின்னாலிருக்கும் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். இனி நீங்கள் பேசுவது எதுவும் என் காதில் விழாது என்று பொருள். ஆனால் அணைக்க மறந்துவிடுவார். ஆன் ஆகியிருக்கும் கருவியைப் பைக்குள் அடைத்தால் அது சும்மா இருக்காது, கீ... என்று விசிலடிக்கும். அந்தச் சத்தம் அவர் ஒருவருக்கு மட்டும்தான் கேட்காது. பையில் விசில் வந்தால் கூட்டம் கலைந்தது என்பது அந்த வீட்டு வழக்கம்.

அந்தக் கருவிக்கும் ஒரு கதை உண்டு. காது மந்தமானபோது, "எனக்கு எதுக்கு அந்த வேண்டாத வேலை?" என்று ஒரே பிடியாக நின்றார். கிளினிக்கில் இருந்த மருமகள், காசு கொடுத்து வாங்கிய கருவியை, "இது ட்ரையல் மாமா. போட்டுப் பாருங்க, பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடலாம்" என்று சொல்லி மாட்டிவிட்டாள். ட்ரையல் நீண்டுகொண்டே போனது. கிளினிக் போய்விட்டது, ட்ரையல் போகவில்லை. தினமும் காலையில் கருவியைத் துடைத்து, காதில் பொருத்தி, "சரியா இருக்கா மாமா? எங்கயாவது உறுத்துதா?" என்று கேட்பாள். அவரும் ஒரு நிமிஷம் யோசித்து, "பார்க்கலாம்" என்பார்.

விசில் கூடத்தில் ஒலிக்க, மருமகள் கப்புகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வீட்டுக்காரர் பின்னாலேயே போய், துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டார். தலைமைப் பதவி இல்லாத இடங்களில் அவர் நல்ல மனிதர்.

"உனக்கு என்ன தோணுது? அதைச் சொல்லு முதல்ல."

அவள் குழாயைத் திறந்து இரண்டு கப்புகளைக் கழுவி வைத்தாள். பிறகு குழாயை மூடினாள்.

"போகணும்னுதாங்க இருக்கு. மாத்திரை அட்டைய எண்ணி எண்ணிக் கை மரத்துப்போச்சு. ஆனா பயமா இருக்கு."

"வேலை போயிடும்னா? நான் இருக்கேன்ல."

"அது இல்லை. வேலைக்கு எடுக்கவே இல்லைன்னா, சரி, யாரையோ எடுத்துட்டாங்கன்னு விட்டுடலாம். இது அப்படியா? ஆறு மாசம் பக்கத்துலயே வெச்சுப் பார்ப்பாங்க. என் கை, என் பேச்சு, நான் தப்பு பண்றது எல்லாத்தையும் பார்த்துட்டு, அப்புறம் வேண்டாம்னு சொன்னா... என்னை நல்லா தெரிஞ்சுக்கிட்டுச் சொன்ன மாதிரி ஆயிடும்ல?"

இதற்கு இரண்டு பக்கம் இருப்பதாக அவர் சொல்லவில்லை. ஏற்கெனவே துடைத்த கப்பையே மறுபடி துடைத்தார்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். கூடத்தில் விசில் நின்றிருந்தது.

"பேட்டரி தீர்ந்திருக்கும்" என்றார் அவர்.

"காலைலதான் மாத்தினேன்."

சமையலறை வாசலில் பெர்மனென்ட் நின்றார். கருவி காதில் இருந்தது. கொஞ்சம் கோணலாக, தானே மாட்டிக்கொண்ட லட்சணத்தில்.

"தண்ணி குடிக்க வந்தேன்" என்றார். கையில் செம்பும் இல்லை, டம்ளரும் இல்லை.

அவரே ஆரம்பித்தார்.

"இது ட்ரையல் இல்லைன்னு எனக்குத் தெரியும்."

"மாமா?"

"முதல் மாசமே தெரியும். உலகத்துல எவன்மா இவ்வளவு நாள் ட்ரையல் குடுப்பான்? வாரியத்துல இருந்தவன்னா மூளை இருக்காதா?"

"அப்ப ஏன் சொல்லலை?"

பெர்மனென்ட் மிக்சியைப் பார்த்துக்கொண்டு பேசினார். முக்கியமான விஷயங்களை அவர் சாமான்களிடம்தான் சொல்வார்.

"ட்ரையல்னு இருக்கிறதாலதானே நீ தினமும் வந்து, சரியா இருக்கா மாமா, உறுத்துதா மாமான்னு கேக்குறே. பிடிச்சிருக்கு, வெச்சுக்கறேன்னு சொல்லிட்டா? அப்புறம் யார் கேப்பா? வாரியத்துல அத்தனை வருஷம் பெர்மனென்ட்டா இருந்தேன். எப்படிய்யா இருக்கேன்னு ஒருத்தன் கேக்கலை. ரிட்டயர்மென்ட் அன்னிக்குப் போட்ட மாலை கூட வேற யாருக்கோ வாங்கினது."

மருமகள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, கோணலாக இருந்த கருவியைச் சரிசெய்தாள். கருவியின் மெல்லிய குழாயை நேராக்கி, நுனியைக் காதுக்குள் திருப்பி அழுத்தினாள். அந்தக் கைக்கு யோசனை தேவைப்படவில்லை.

"சரியா இருக்கா மாமா?"

அவர் வழக்கம்போல் ஒரு நிமிஷம் யோசித்தார். "பார்க்கலாம்" என்றார். பிறகு, "போம்மா. போய் நல்லா பார்க்கட்டும். பார்த்துட்டு வேண்டாம்னு சொல்றவனுக்குக் காது இல்லை, கண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

"தீர்மானம் ஏகமனதாக..." என்று தொடங்கினார் வீட்டுக்காரர்.

"நீங்க கப்பைத் துடைங்க" என்றாள் அவள்.

திங்கட்கிழமை சரி என்று சொன்னாள். பயணம் தொடங்கியது. ஒப்பந்த ஊழியர்களுக்குச் சாம்பல் நிறக் கயிற்றில் அடையாள அட்டை, நிரந்தரமானவர்களுக்கு நீலம். கண்டடைதல் அந்த அளவில் உடனே நடந்துவிட்டது. முதல் வாரம் புது மென்பொருள் பிடிபடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இரண்டாம் மாதம், யாரிடமும் பேசாத ஒரு பெரியவர் அவளைத்தான் கூப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தார். அந்த வகை ஆட்களோடு அவளுக்கு வீட்டிலேயே பயிற்சி. தினமும் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து பெர்மனென்ட் கேட்பார்: "சரியா இருக்காம்மா? எங்கயாவது உறுத்துதா?"

"பார்க்கலாம் மாமா" என்பாள் அவள்.

ஆறு மாதம் முடிந்தது. ஒப்பந்தத்தை இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டினார்கள்.