தொண்ணூறு நாள் அவகாசம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஒரு படிவத்தின் கட்டத்திலிருந்து வந்தது. வியாபார வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கூடுதல் அவகாசம் கேட்கும் படிவம் அது. ‘காரணம்’ என்று போட்டு, இருநூறு எழுத்துகளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

“நீ எழுத்தாளன்தானே, எழுதிக் குடுடா” என்றாள் அக்கா. இருபது வருடமாக எழுதுகிறேன். அவள் என்னிடம் எதையாவது எழுதச் சொன்னது அதுதான் முதல் தடவை.

2

(தொடக்கம், ஒன்று) அந்தக் கடையின் மோட்டார்கள் எல்லாம் தங்கள் எஜமானனுக்காக மௌனமாக

வேண்டாம். எனக்கே சகிக்கவில்லை.

(தொடக்கம், இரண்டு) அக்காவின் கணவர், என் அத்தான், தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஐந்து வாரத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. கடையின் ரசீதுகள் மூன்று அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. மாதவாரியாக அல்ல, மோட்டாருக்கு வந்த நோய்வாரியாக! பெட்டிகளின் மேல் அவர் கையெழுத்து: ‘நின்னுபோச்சு’, ‘கத்துது’, ‘ஒழுகுது’. எந்த ரசீதிலும் தேதி கிடையாது. வருடா வருடம் ஆடிட்டர் அம்மா முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டாக எடுத்து, இது மூணாம் மாசம், இது பத்தாம் மாசம் என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போவாராம்.

ஆடிட்டர் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். “கடைசி நாளுக்கு இன்னும் ஆறு நாள்தான்மா இருக்கு. கணக்கு போகலைன்னா கடை லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டாங்க. குத்துமதிப்பா போட்டா அதுவும் வம்பு. பேசாம அவகாசம் கேட்டுடுங்க.”

[அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: அவகாசம் கணக்கைத் தாக்கல் செய்யத்தான், வரி கட்டுவதற்கு அல்ல. இது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளமாம். அக்கா உத்தேசமாக ஒரு தொகையைப் பழைய கெடுவுக்குள்ளேயே கட்டிவிட்டாள்.]

3

நான் எழுதிய காரணம் இப்படித் தொடங்கியது: ‘ஓய்வறியாத இரு கரங்களில் ஒன்று இன்று உறங்குகிறது.’

ஆடிட்டர் அம்மா படித்தார். “நல்லாதான் இருக்கு தம்பி. அதான் பயமா இருக்கு. கதை விடுறாங்கன்னு நினைச்சிடுவாங்க.”

அக்கா பேனாவைப் பிடுங்கினாள். ‘கணக்கு என் கணவருக்கு மட்டுமே தெரியும். அவர் பேசக் காத்திருக்கிறோம்.’ அவ்வளவுதான். இருநூறில் பாதிகூட ஆகவில்லை. மருத்துவச் சான்றிதழை இணைத்து அனுப்பினோம்.

நான்காம் நாள் பதில் வந்தது. தொண்ணூறு நாள் அவகாசம் வழங்கப்படுகிறது, குறிப்பெண் இன்னது.

நான் அசந்துபோனேன். கிண்டல் இல்லை, நிஜமாகவே. அத்தானுக்கு இன்னும் நாள் வேண்டும் என்று யாரிடமெல்லாமோ மனசுக்குள் கேட்டிருக்கிறேன். ஒருவரும் எழுத்தில் பதில் தந்ததில்லை. இங்கே அத்தானைக் கண்ணால்கூடப் பார்க்காத ஓர் அதிகாரி, தொண்ணூறு நாட்களை எடுத்துக் கொடுத்திருக்கிறார், முத்திரையோடு. அடேயப்பா!

4

வாசகரே, அந்த அதிகாரி மேல்தான் எனக்குச் சந்தேகம். இவ்வளவு சுலபமாக ஒருவர் நல்லவராக இருந்தால் கதையில் எடுபடுமா? பேச்சிழந்த ஓர் அப்பாவை அவருக்குக் கொடுத்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். பிறகு அடித்துவிட்டேன். நல்லது செய்ய ஒரு மனிதரின் அப்பாவுக்கு வாதம் வந்திருக்க வேண்டுமா என்ன?

5

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் கடைத் தரையில் பன்னிரண்டு தட்டுகளைப் பரப்பினாள் அக்கா, மாதத்துக்கு ஒன்று. அத்தான் பக்கத்தில் தாழ்வான நாற்காலியில் இருப்பார். அவள் சீட்டைக் காட்டுவாள். அவர் வெறித்துப் பார்ப்பார். அவளாகவே ஏதோ ஒரு தட்டில் போடுவாள். எட்டு நாள் இப்படியே போனது. ஒன்பதாம் நாள் நானும் இருந்தேன். ‘கத்துது’ பெட்டியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஐந்தாம் தட்டில் போட்டாள். அத்தானின் இடது கை இறங்கியது. அந்தச் சீட்டை இழுத்து, தரையோடு தேய்த்துக்கொண்டே போய், எட்டாம் தட்டில் விட்டது.

“தற்செயலா இருக்கும்க்கா” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அக்கா என்னை முறைத்துவிட்டு, சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். “அண்ணே, உங்க மோட்டாரை எப்ப ரிப்பேருக்குக் குடுத்தீங்க?”

“பொண்ணு கல்யாணத்துக்கு முந்தின வாரம்மா. எட்டாம் மாசம். ஏம்மா?”

அக்கா போனை என் பக்கம் தள்ளினாள். நான் போனை வாங்கி அணைத்தேன். அத்தான் எங்களைப் பார்க்கவே இல்லை; அடுத்த சீட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

6

(முடிவு, அ) அத்தானுக்குப் பேச்சு வருகிறது. முதல் சொல் அக்காவின்

(முடிவு, ஆ) கெடு நாள் வருகிறது. பெட்டியில் இன்னும்

இரண்டையும் அக்கா படித்தாள். “வரி ஆபீஸ்காரங்களே பொறுத்துக்கிறாங்க. உனக்கு என்னடா அவசரம்?” என்றாள். இரண்டு முடிவுகளையும் அவளே அடித்தாள்.

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. இருப்பதைத் தருகிறேன். மீதி நாள் எண்பது. மீதி சீட்டு நானூற்றுப் பன்னிரண்டு. முதல் நாள் அத்தான் நகர்த்தியது இரண்டு. நேற்று நான்கு. இன்று மத்தியானம் ஏழு. மிச்சக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.