கட்டைவிரல் அளவு

மரக்காணத்துக்கும் கீழ்புத்துப்பட்டுக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருந்த ஒரு விடுதியில், கனத்த பந்தை உருட்டிப் பின்களைச் சாய்க்கும் பவுலிங் கூடத்தில் ஜெயப்ரியா ரிசப்ஷன் வேலை பார்த்தாள். ஆட வருபவர்களுக்கு ஷூ எடுத்துக் கொடுப்பதும் ஸ்கோர் திரையில் பெயர் ஏற்றுவதும்தான் வேலை. கூட்டமில்லாத மதியங்களில், எண்ணெய் பூசிய பலகைத் தளமான லேனில் தானும் பந்தை உருட்டிப் பார்க்க ஆரம்பித்தவள், இரண்டு வருடத்தில் அங்கே வரும் மெம்பர்கள் அத்தனை பேரையும் தோற்கடித்துவிட்டாள். சென்னையில் நடக்கவிருந்த மாநிலப் போட்டிக்கு அவளையே அனுப்புவதென்று மேனேஜர் அசோகன் முடிவு செய்தார்.

அந்த மெம்பர்களிடம் அவள் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தாள். அப்பாவுக்கு வானூர் தாலுகா ஆபீசில் வேலை என்று. அப்பா குழந்தைசாமியும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்கள். வார விடுமுறை நாளில் அவளும் பலகை பிடித்து உப்பு வாருவாள். யாரோ ஒருமுறை கேட்டபோது சட்டென்று வாயில் வந்துவிட்ட பொய் அது. வந்த பிறகு அதைக் காப்பாற்றியாக வேண்டியிருந்தது.

போட்டிக்கான பந்தைத் தேர்ந்தெடுத்தது சாலமன். கூடத்தின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதும், ஆடுபவரின் விரல் நுழையப் பந்தில் அளவெடுத்து ஓட்டை போடுவதும் அவர் வேலை. துபாயில் பல வருடம் இதே தொழிலில் இருந்தவர்.

"நம்ம லேன்ல எண்ணெய் கம்மி. அங்க போட்டிக்குன்னு காலையில புதுசா, தாராளமா பூசி வெச்சிருப்பாங்க. உன் பிளாஸ்டிக் பந்து வழுக்கிக்கினு நேரா போயிடும். திரும்பவே திரும்பாது" என்றார்.

பளபளவென்றிருந்த நீலப் பந்து ஒன்றை அவள் ஆசையாகத் தொட்டாள். "அது வாணாம். எண்ணெயில போனா சோப்புக்கட்டி மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, மங்கலான கருஞ்சிவப்புப் பந்து ஒன்றை எடுத்து வைத்தார். யாரோ ஒரு மெம்பர் விட்டுப்போன பந்து. அவருடைய விரல் ஓட்டைகளைப் பசை ஊற்றி அடைத்திருந்தது வட்டவட்டமாகத் தெரிந்தது. சாலமன் அதன் மேல்தோலை முரட்டு உப்புத்தாளால் தேய்த்து இன்னும் சொரசொரப்பாக்கினார். இந்தத் தோல் எண்ணெயைக் குடிக்கும் என்றார். உள்ளே இருக்கும் எடைக்கட்டி எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்குத் தகுந்த இடத்தில் ஓட்டை போட்டால், உருளும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணெய் படாத புதுப் பக்கம் தரையைத் தொடும். அப்போதுதான் கடைசியில் பிடித்துத் திரும்பும்.

அளவெடுக்கும் நாளை மனதில் வைத்து ஜெயப்ரியா உப்பளத்துக்குப் போகாமலிருந்தாள். தினமும் தேங்காயெண்ணெய் தேய்த்ததில் கை மெத்தென்று ஆகியிருந்தது. அப்படியும் காய்ப்பு முழுக்கப் போகவில்லை.

"இது என்னாம்மா?" என்று காய்ப்பைத் தொட்டுக் கேட்டார் சாலமன்.

"ஜிம்முக்குப் போறேண்ணா."

அவர் அதற்குமேல் கேட்காமல் அளவெடுத்து, ஓட்டை போட்டு முடித்தார். "கட்டைவிரல் ஒருநாள் வீங்கும், ஒருநாள் வத்தும். ஓட்டைக்குள்ள டேப் ஒட்டியிருக்கேன். டைட்டா இருந்தா சொல்லு, உரிச்சிடலாம். போட்டிக்கு முன்னாடி ஒருவாட்டி கையக் காட்டிடு" என்று மட்டும் சொன்னார்.

போட்டிக்கு முந்தின நாள் கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பாத்திகளில் உப்பு விளைந்து கிடந்தது. மழை விழுந்தால் அத்தனையும் கரைந்துவிடும். "ஆள் பத்தல, வாம்மா" என்று அம்மா போன் செய்தாள். ஜெயப்ரியா போனாள். இருட்டும்வரை வாரி, குவித்து, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மழை இரண்டு தூறலோடு நின்றுவிட்டது. காலையில் எழுந்தபோது அவள் உள்ளங்கையில் கொப்புளம் கட்டியிருந்தது. கட்டைவிரல் வீங்கி மடங்க மறுத்தது.

சென்னைக்குப் போகும் வேனில் அவள் கையைத் துப்பட்டாவுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"விரல் எப்டிமா இருக்குது?" என்று சாலமன் முன்சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டார்.

"நல்லா இருக்குதுண்ணா."

கையை நீட்டினால் கொப்புளம் தெரியும். பக்கத்தில் அசோகன் உட்கார்ந்திருந்தார், பின்னால் இரண்டு மெம்பர்கள். ஆடினால் தானாக இளகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

இளகவில்லை. முதல் இரண்டு ஆட்டத்தில் விரலைப் பிடுங்கித்தான் எடுத்தாள். மூன்றாவதில் பந்து விரலை விடவே இல்லை. அதன் கனம் இழுக்க, தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டி லேன் மேலேயே குப்புற விழுந்து, எண்ணெயில் சறுக்கிக்கொண்டு போனாள். பஸ்ஸர் அலறியது. பக்கத்து லேனில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எழுந்து நின்றபோது, போட்டிக்கென்று மாற்றியிருந்த சட்டையின் முன்பக்கம் முழுக்க எண்ணெய்.

அசோகன் ஓடி வந்தார். "என்னாச்சு?"

"ஓட்டைய டைட்டா போட்டுட்டாரு சார்" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

"அளவு சரியாத்தான் சார்..." என்று ஆரம்பித்த சாலமனின் பார்வை அவள் கைமேல் விழுந்தது. கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"ஒரு ஓட்டை போடத் தெரியாதா உனக்கு? இத்தனை பேர் எதிர்ல மானத்த வாங்கிட்டியேப்பா!" என்று அசோகன் கத்தினார். சாலமன் கீழே கிடந்த துண்டை எடுத்துப் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் போட்டியிலிருந்து விலகினாள்.

உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு வீட்டில் கிடந்தாள். மறுபடி வேலைக்குப் போனபோது, ஓட்டை போடும் அறை பூட்டியிருந்தது. இனிமேல் பந்தையெல்லாம் சென்னைக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று அசோகன் சொல்லிவிட்டாராம். சாலமன், பின்களை நிறுத்தி வைக்கும் இயந்திரத்துக்கு அடியில் படுத்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். "வந்துட்டியா" என்றார். அவர் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே அன்று முழுக்கக் கவுன்டரை விட்டு நகராமல் இருந்தாள்.

மாலையில் மலர்கொடி மேடம் வந்தார். ஓய்வுபெற்ற டாக்டர், பழைய மெம்பர். அவள் தோளைத் தட்டி, "உன் மேல தப்பில்லம்மா. அந்தாளு பண்ண வேலைக்கு நீ என்ன பண்ணுவ?" என்றார். அந்த நேரம் பார்த்து சாலமன் கிரீஸ் டப்பாவோடு அந்தப் பக்கமாகப் போனார். காதில் விழுந்தும் விழாதவர்போலப் போனார்.

ஜெயப்ரியாவுக்கு முகம் எரிந்தது.

"அவர் தப்பில்ல மேடம்" என்றாள். "அளவு சரியாத்தான் போட்டாரு. நான் உப்பு வாரப் போயி கை வீங்கிடுச்சி. அவர் கேட்டாரு, நான்தான் காட்டல. எங்கப்பா தாலுகா ஆபீஸ்ல இல்ல. உப்பளத்துல கூலி. அதெல்லாம் தெரிஞ்சிடும்னு அவர் மேல போட்டுட்டேன்."

அறையிலிருந்து அசோகன் எட்டிப் பார்த்தார். அவரிடமும் ஒருமுறை முழுதாகச் சொன்னாள். மேடம் தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். "இதுல மறைக்க என்னம்மா இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டார்.

பிறகு இயந்திரப் பக்கம் போய் நின்றாள். "மன்னிச்சிடுங்கண்ணா."

சாலமன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு டேப்ப உரிச்சிருந்தா போதும். அஞ்சு நிமிஷ வேலை. உன் கையப் பார்த்தப்பவே விரல் வீங்கியிருக்குதுன்னு தெரிஞ்சிபோச்சி. அத்தனை பேர் எதிர்ல உன்னக் கேக்க மனசு வரல. மறுநாள் நீயே வந்து சொல்லுவன்னு நெனச்சேன். வரல."

"பயமா இருந்திச்சிண்ணா."

"உங்கப்பா அம்மா விஷயம் வெளிய வந்துடும்னு நீ பயந்த. எனக்கு அப்டிப் பயப்பட வீட்ல யாரும் இல்ல. எனக்கு இருக்கறது இந்தத் தொழில்தாம்மா. அதத்தான் நீ தெருவுல போட்ட."

அவள் அழுதாள். அவர் கை துடைத்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "நாளைக்குப் பந்த எடுத்துக்கினு வா. உப்பளத்துலேர்ந்து நேரா வா, கை எப்டி இருக்குதோ அப்டியே" என்றார்.

மறுநாள் அசோகன் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். ஜெயப்ரியா நகக்கண்ணில் உப்போடு வந்து, மெம்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க மேஜைமேல் கையை விரித்து வைத்தாள். எடுத்துக்கொள்ளத் தோன்றியும் எடுக்கவில்லை. சாலமன் அளவெடுத்து முடிக்கும்வரை தலை நிமிராமல் நின்றாள். வேலை முடிந்ததும் அவர் லேனில் எண்ணெயைக் கூடுதலாகப் பூசிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பந்து விரலை விட்டுச் சுலபமாகக் கழன்றது. வழுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் பிடித்துத் திரும்பி, பின்களை அள்ளியது.

அவர் தலையசைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

ஆனால் சென்னையில் அவள் சொன்ன வார்த்தை எங்கெங்கோ போய்விட்டிருந்தது. உண்மையைச் சொன்ன பிறகும் மெம்பர்கள் சிலர் தங்கள் பந்தைச் சாலமனிடம் கொடுக்கவில்லை. அவர்கள் பையோடு சென்னைக்குக் கிளம்பும்போது, ஷூவை வாங்கி அடுக்கி வைப்பவள் ஜெயப்ரியாதான். "சாலமன் அண்ணன் நல்லா போடுவாரு சார், அன்னிக்குத் தப்பு என்னோடது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வாள். சிலர் கேட்டுக்கொள்வார்கள். சிலர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.