அந்த லாரி என்ன சுமந்தது

விருதுநகர்த் தரகர் ஒருவர் மூலமாகப் பழைய ராணுவ லாரி ஒன்றைப் பாண்டிச்செல்வி வாங்கி வந்தபோது, அச்சங்குளத்தில் பாதி ஊர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. பட்டாசுக் கம்பெனிகளுக்குத் தண்ணீர் ஓட்டப்போகிறாள். பதினோரு வருடம் மருந்துக் கலவை அறையில் நின்றவள், இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். லாரியின் முதுகில் ஒரு தொட்டியை ஏற்றிப் பற்றவைத்துவிட்டால் தொழில் ஆரம்பம். அதற்கு ஆள் தேடவும் வேண்டாம். புருஷன் சிவபாண்டி வெல்டர்.

வில்லங்கம் லாரியின் தளத்தில் இருந்தது. பெருக்கிக்கொண்டிருந்தவள், தளமும் அடிச்சட்டமும் சேரும் இடுக்குகளில் வெள்ளையாக ஏதோ இறுகிக் கிடப்பதைக் கண்டு விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். வெள்ளைப் பொடி என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு மாவு ஞாபகம் வரும், சுண்ணாம்பு ஞாபகம் வரும். இந்தப் பக்கத்தாருக்கு வருவது வெடியுப்பு ஒன்றுதான். அதிலும் இது ராணுவ லாரி. குண்டு ஏற்றிய வண்டியாக இருந்தால்? எத்தனை குடம் ஊற்றிக் கழுவினாலும் சட்டத்துக்குள் போன மருந்து வெளியே வராது. அதன் மேல்தான் சிவபாண்டி தீப்பொறி பறக்க உட்காரப்போகிறான்.

"இது என்ன சுமந்த வண்டின்னு தெரியாம நீங்க இதுல கை வைக்கக் கூடாது."

"ஆமா, ராணுவ மந்திரிக்கு லெட்டர் போட்டுக் கேளு" என்றான் சிவபாண்டி. "ஒரு சிட்டிகை கிள்ளி நெருப்புல போட்டா தெரிஞ்சிட்டுப் போகுது."

"இந்த வளவுக்குள்ள தீக்குச்சி உரசுனீகன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

அம்மா வீடு அடுத்த தெருவில்தான். ஆனாலும் அவன் தீப்பெட்டியைத் தேடப் போகவில்லை.

தரகருக்குப் போன் போட்டாள். "மிலிட்டரி வண்டிம்மா, எனக்கு அம்புட்டுத்தான் தெரியும்" என்று வைத்துவிட்டார். கொடுத்த தாள்களில் இன்ஜின் நம்பர் இருந்தது, சேஸிஸ் நம்பர் இருந்தது, செய்த வேலை என்னவென்று ஒரு வரி இல்லை. பிறகு கதவில் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தாள். மேலே பூசியிருந்த கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் பச்சை வந்தது. பச்சையில் வெள்ளையாக மேல் நோக்கிய ஓர் அம்புக்குறியும், பக்கத்தில் எண்களும் தெரிந்தன. ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் ஞானபூரணியின் அண்ணன் ஜெயசுந்தர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், விருதுநகரில் இருக்கிறார். படம் பிடித்து அவருக்கு அனுப்பினாள்.

"அம்புக்குப் பக்கத்துல இருக்கிற ரெண்டு நம்பர் வருசம். எண்பத்தெட்டு" என்றார் ஜெயசுந்தர் போனில். "ஆனா என்ன வேலைக்கு விட்டாகன்னு நம்பர் சொல்லாதும்மா. தளத்தை எடுத்து அனுப்பு."

இருபத்து மூன்று படம் அனுப்பினாள். மறுநாள் காலை மனிதர் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரல் விட்டுப் பார்த்தார்.

"குண்டு ஏத்துற வண்டிக்குத் தரையில வடிகால் எதுக்கு? இந்தா, இங்கன தண்ணி பம்பு இறுக்கியிருக்காக. அங்கன பைப்பு ஓடியிருக்கு."

"அப்ப அந்த வெள்ளை?"

"கம்மாத் தண்ணி ஒரு வாளி கொண்டா. நல்லாக் கலங்கலா இருக்கணும்."

டீ நிறத்தில் ஒரு வாளி வந்தது. ஜெயசுந்தர் மரக்குச்சியால் அந்த வெள்ளையை நெம்பி எடுத்து, வாளியில் போட்டுக் கலக்கிவிட்டு, சும்மா இருக்கச் சொன்னார். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரத்தில் மேல்தண்ணீர் நான்கு விரல்கடை தெளிந்தது. இன்னும் சற்றுப் பொறுத்தபோது மண்ணெல்லாம் அடியில் இறங்கிவிட்டது.

"படிகாரம்" என்றார் ஜெயசுந்தர். "பட்டாளம் போற எடத்துல ஆத்துத் தண்ணிய எறைச்சு, தெளிய வச்சுக் குடிக்கக் குடுத்த வண்டிம்மா இது. குண்டும் இல்ல, மருந்தும் இல்ல."

பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பதினோரு வருடம் மருந்து கலந்த கைக்காரி, சவரக்கடையில் கன்னத்தில் தேய்க்கிற சாமானைப் பார்த்து மூன்று நாள் தூங்காமல் கிடந்திருக்கிறாள். இனி ஒரு வருடத்துக்குச் சிவபாண்டி சொல்லிக் காட்டப்போகிறான், காட்டட்டும் என்று அவன் பக்கம் திரும்பினாள்.

அவன் டயரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"மூணு நாளா எனக்குச் சோறு எறங்கலை" என்றான். "ஆனைக்குட்டத்துல என்கூட வெல்டிங் பாத்த பெத்தணன் காலி டிரம்முன்னு நெனச்சுப் பத்தவச்சு, அது வெடிச்சப்ப, நான் பக்கத்துல நின்னவன்."

"அதை என்கிட்ட அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா நீ வண்டிய வித்துட்டுத் திரும்ப மருந்து ரூமுக்குப் போயிருவ."

பயத்தை விழுங்கிக்கொண்டே பற்றவைத்திருப்பான் இந்த மனுஷன். ஜெயசுந்தர் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே மெல்ல வாசல் பக்கம் நடந்தார். பாண்டிச்செல்வி புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள்.

"மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். "அப்புறம் பத்தவைங்க."