யோகேஸ்வரியின் பற்களும் அழுகிற முதலையும்

1

இந்தக் கதை என் மனத்தில் உதித்ததல்ல. வாட்ஸ்அப்பில் வந்தது. மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் உள்ள ஓர் அறநிறுவனம் (பெயர் வேண்டாம், அவர்களுக்கு விளம்பரம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது) ஆட்டிசம் உள்ள பதின்ம வயதினருக்குப் பல் துலக்கக் கற்றுத்தரும் செயலி ஒன்றைத் தயாரித்திருந்தது. அறிமுக விழா மலருக்குச் சிறுகதை வேண்டுமாம். கதையையும் நிறுவனத்தின் அதிகாரி சசிதரனே அனுப்பிவிட்டார்: ஏழைத் தாய் அழுகிறாள், செயலி வருகிறது, பிள்ளை சிரிக்கிறாள். "ஒரு பக்கம் போதும் சார், கொஞ்சம் டச்சிங்கா."

கதை தயாராக இருக்கும்போது எழுத்தாளன் எதற்கு? ஒற்றுப்பிழை பார்க்க என்று நினைக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "லூனாஸ் அடுக்குமாடி ஒன்றில், ஒரு தாயின் கண்ணீர்…"

நிறுத்திவிட்டேன். அந்தத் தாயை நான் இன்னும் பார்த்ததே இல்லை. அதற்குள் அழவைத்தாயிற்று.

இரண்டாம் தொடக்கம்: "யோகேஸ்வரி ஒரு தேவதைக் குழந்தை. தன் சொந்த உலகத்தில் அவள்…"

(இதையும் அடித்தேன். பதினைந்து வயதுப் பெண் குழந்தையல்ல. தேவதைகளுக்குப் பல் சொத்தையாவதாகவும் கேள்விப்பட்டதில்லை. "சொந்த உலகம்" என்று எழுதுகிறவர்களை அந்த உலகத்துக்கே நாடு கடத்தினால் தமிழ் உரைநடை கொஞ்சம் தேறும்.)

வேறு வழியில்லாமல் நேரில் போனேன்.

3

தாயின் பெயர் ரமணி. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அழவில்லை, கோபமாக இருந்தார். என் கதையில் முதல் ஓட்டை அங்கேயே விழுந்தது.

"போன வருசம் கடவாய்ப் பல்லு சொத்தையாகி, ஆஸ்பத்திரில முழு மயக்கம் குடுத்துத்தான் புடுங்குனாங்கண்ணே. கண்ணு முழிச்சதும் வாய்க்குள்ள கைய விட்டுப் பல்லத் தேடுனா. இன்னொரு தரம் அத என்னால பாக்க முடியாது."

பற்பசை நுரைத்தாலே யோகேஸ்வரி ஓடிவிடுவாளாம். தூரிகையின் நார் ஈறில் பட்டால் அலறுவாளாம். சோதனை முறையில் செயலி வந்தபின் நிலைமை மாறியது. அடுத்து எந்தப் பக்கம் துலக்க வேண்டும் என்று படம் காட்டியது. எப்போது முடியும் என்று முன்கூட்டியே சொன்னது. அவளுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். நுரைக்காத பசையை ரமணி தேடிப் பிடித்தார். மகள் துலக்க ஆரம்பித்தாள்.

இங்கே கதையை முடித்திருந்தால் சசிதரன் எனக்கு மாலை போட்டிருப்பார். ஆனால் அந்தச் செயலியில் ஒரு முதலை இருந்தது.

பச்சை முதலை. அது பாடும், கைதட்டும், துலக்கி முடித்தால் நட்சத்திரங்களை வாரி இறைக்கும், முடிக்காவிட்டால் அழும். யோகேஸ்வரிக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. முதல் வாரமே ஒலியை அணைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்துத் துலக்கினாள். பாட்டு ஓடாவிட்டால் நட்சத்திரம் கிடையாது, நட்சத்திரம் இல்லையென்றால் துலக்கியதாகவே கணக்கில்லை என்பது செயலியின் சட்டம். (ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குச் சத்தம் ஆகாது என்று அதே நிறுவனத்தின் கையேடு சொல்கிறது. கையேட்டை எழுதியவரும் முதலையை வரைந்தவரும் ஒரே கேண்டீனில் சாப்பிட்டும் பேசிக்கொண்டதில்லை போலும்.)

"உங்க பொண்ணு பல்லே வெளக்குறதில்லன்னு போன் பண்றாங்கண்ணே. தெனம் வெளக்குறா லா, வந்து வாயப் பாருங்கன்னேன். சிஸ்டத்துல இல்லங்கறாங்க. இப்படியே போனா டேப்லெட்ட திருப்பி வாங்கிருவாங்களாம்."

செயலி அவர்கள் கொடுத்த டேப்லெட்டில் மட்டுமே ஓடும்.

அப்போது யோகேஸ்வரி அறையிலிருந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, பற்களைப் பார்த்தாள்.

"மஞ்ச," என்றாள்.

"அடியே!" என்றார் ரமணி.

நான் ஏற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம் அது ஒன்றுதான்.

4

விழா லூனாஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேடையில் யோகேஸ்வரி துலக்கிக் காட்டினால் டேப்லெட் அவளிடமே இருக்கும் என்று சசிதரன் வாக்குக் கொடுத்திருந்தார். ரமணி அதை நம்பித்தான் மகளுக்கு நீலப் பாவாடை கட்டி அழைத்து வந்தார்.

(பல் துலக்குவதை நூறு பேர் முன் செய்து காட்டச் சொன்னால் நீங்கள் செய்வீர்களா? சசிதரனிடம் கேட்டேன். "அது வேற சார்," என்றார்.)

மேடையில் ஒரு மேசை, எவர்சில்வர் பேசின், தண்ணீர். டேப்லெட்டில் ஓடுவதைக் காட்டப் பின்னால் சுவர் அளவுக்குத் திரை. சசிதரன் ஒலியைக் கூட்டினார். முதலை பாடியது. ஒலிபெருக்கிகள் அதிர்ந்தன. யோகேஸ்வரி இரு கைகளாலும் காதைப் பொத்தி, முட்டி மடங்கி உட்கார்ந்தாள். ரமணி மேடையை நோக்கி ஓடினார்.

அவர் போய்ச் சேர்வதற்குள் அவளே எழுந்தாள். சசிதரன் அருகே போனாள். அவர் கையில் இருந்த மைக்கில் சொன்னாள்:

"பிசிங்!"

சத்தம் என்பதற்கு மலாய் மொழியில் அதைவிடத் தெளிவான சொல் இல்லை. மண்டபம் சிரித்தது. அவள் டேப்லெட்டை எடுத்து ஒலியை அணைத்தாள். பிறகு, படத்துக்குப் படம், அவசரமில்லாமல், மேல்வரிசை, கீழ்வரிசை, உள்பக்கம் என்று முழுவதும் துலக்கினாள். கொப்பளித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரம் இல்லை. முதலை அழுதுகொண்டிருந்தது. முதலைக் கண்ணீரை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை.

"சின்ன டெக்னிக்கல் பிராப்ளம்," என்றார் சசிதரன்.

செயலிக்குப் பணம் கொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருந்த நன்கொடையாளர் தலையாட்டினார். விழா முடிந்ததும் டேப்லெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். "அவ வெளக்குனாளே, நீங்க பாக்கலையா?" என்று ரமணி கேட்டார். "அக்கா, டேட்டா வரல," என்றார் சசிதரன்.

5

முடிவு அ (மலருக்கு): முதலை சிரிக்கிறது. யோகேஸ்வரியும் சிரிக்கிறாள். இதை எழுதித் தர மறுத்தேன். வேறு யாரோ எழுதி, மலரில் வந்தும்விட்டது.

முடிவு ஆ (முற்போக்கு இதழ்களுக்கு): எந்தக் கருவியும் இல்லாமல், தன்னம்பிக்கை ஒன்றாலேயே அவள்… இல்லை. அவளுக்குப் படம் வேண்டும். அது குறையல்ல. எனக்குக் கண்ணாடி வேண்டும். அதற்காக யாரும் மேடை போட்டு உருகுவதில்லை.

நடந்தது: இருவரையும் என் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அன்று மாலை துலக்கும் வேளைவரை நானும் அங்கேயே இருந்தேன். யோகேஸ்வரி பாத்ரூமில் தூரிகையோடு நின்றாள். டேப்லெட் இருந்த இடத்தைப் பார்த்தாள். தூரிகையைக் கீழே போட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள். ரமணி அவள் கைகளைப் பிடித்து, "போயிருச்சும்மா, போயிருச்சு," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கதையின் தொடக்கத்தில் நான் வரவழைத்த கண்ணீர் அப்போதுதான் வந்தது. அதை வர்ணிக்க மாட்டேன்.

வெகுநேரம் கழித்து யோகேஸ்வரி தாயின் கைப்பேசியை எடுத்தாள். தாயின் கையில் தூரிகையைக் கொடுத்தாள். குழாய்ப் பக்கம் தள்ளி நிறுத்தினாள். படம் பிடிக்கத் தொடங்கினாள்.

ரமணிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. துலக்கினார். "மொதல்ல மேல…" என்று வாய் திறந்தார்.

"ஸ்ஸ்," என்றாள் மகள். "திரும்ப."

திரும்பத் துலக்கினார். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது.

"திரும்ப."

மூன்றாவது முறை எடுத்த படம் அவளுக்குச் சரியாகப் பட்டது. கைப்பேசியைத் தொட்டியின் மேல் சாய்த்து வைத்தாள். கீழே கிடந்த தூரிகையை எடுத்துக் கழுவினாள்.

6

அவள் துலக்கினாளா என்று கேட்பீர்கள். நானும் அதற்காகத்தான் எட்டிப் பார்த்தேன். ரமணி வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"அண்ணே, அவ பாத்ரூம் லா. எழுதணும்னா இங்கயே நின்னு எழுதுங்க."

நின்றேன். நீங்களும் என்னோடுதான் நிற்கிறீர்கள். முடிவு வேண்டுமென்றால் கதவைத் தட்டிப் பாருங்கள். ரமணியைத் தாண்டிப் போக முடிந்தால் போங்கள். நான் தட்டப்போவதில்லை.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.