பூச்சி தொடாத பறவை

"என் பொண்ணை எங்கேயும் அனுப்ப மாட்டேன்னு சொல்றேன், நீ பாட்டுக்கு..."

"உன் பொண்ணா! நீ நாப்போ ஆத்தங்கரையில தவளை புடிச்சுக்கிட்டிருந்தப்ப யாரு பொண்ணுடா அவ?"

"தவளை இல்லக்கா, பறவை."

"ஆமா, ரொம்ப முக்கியம்!"

கசில்டா குழந்தையின் உள்பாவாடையைப் பெட்டிக்குள் திணித்தாள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் சோரியா ஊருக்கு வண்டி ஏறவேண்டும். தம்பி ஃபெர்மீன் தென் அமெரிக்காவில் நாப்போ ஆற்றுக் காடுகளில் பறவை சேகரித்துக்கொண்டிருந்தபோது அவன் மனைவி மாட்ரிட்டில் இறந்துபோனாள். குழந்தை நியேவெஸை வளர்த்தது அத்தை கசில்டாதான். தாடியோடு திரும்பி வந்தவனைப் பார்த்ததும் குழந்தை அத்தையின் பாவாடைக்குள் ஒளிந்துகொண்டது. "அந்தத் தாடிக்காரர் எப்போ போவாரு?" என்று தினமும் கேட்டது. கடைசியில் அவன், அருங்காட்சியகத்துக்காகப் பஞ்சு அடைத்துப் பதப்படுத்திய பறவைத் தோல்களிலிருந்து பச்சை முதுகும் சிவந்த மார்புமாக ஒரு பறவையை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தான். அன்றைக்குத்தான் "அப்பா" என்றது. பறவைக்குப் பெப்பா என்று பேரும் வைத்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு தொடங்கியதிலிருந்து குழந்தைக்கு வாந்தி. உள்ளங்கைத் தோல் உரிந்தது. வைத்தியர் தண்ணீரைக் குறை சொன்னார். கசில்டா வேறு ஊற்றுத் தண்ணீர் வரவழைத்தாள், காய்ச்சியும் கொடுத்தாள். பூண்டுக் கஞ்சிகூடத் தங்கவில்லை.

"நீ வந்தப்புறந்தான்டா இவ்வளவும். சாப்பிடுற மேசையில செத்த பறவை, குடல், தோல் கெடாம நீ பூசுற அந்தப் பாஷாண சோப்பு!"

"சோப்பு டப்பாவைப் பூட்டித்தானே வெச்சிருக்கேன்? சாவி என் இடுப்புல இருக்கு. மேசையைக் காடி ஊத்தி நானே தேய்க்கிறேன். என்னை என்ன முட்டாள்னு நெனச்சியா?"

"முட்டாள்னா சமாளிச்சுருவேனே. நீ படிச்சவன்."

"இப்ப கூட்டிட்டுப் போனா அவ மறுபடி என்னை மறந்துருவாக்கா." அவன் குரல் இறங்கிவிட்டது.

கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "அத்தை, பெப்பாவும் வண்டியில வரும்."

"வேணாண்டி கண்ணு. அந்த இறகுல பூச்சி வெச்சு உன் துணியெல்லாம் ஓட்டையாயிடும். என் கம்பளிச் சால்வை ஆன கதி பாத்தேல்ல?"

ஃபெர்மீன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.

"பெப்பாவுலயா? உன் சால்வையைத் தின்ன பூச்சியைப் புடிச்சாந்து விடு, பாப்போம். ஒரு இறகைக்கூடத் தொடாது. தொட்டா அங்கேயே செத்து விழும். என் கையாலயே சோப்பு பூசியிருக்கேன்க்கா. தோலுக்குள்ள, இறக்கை எலும்பு வரைக்கும், ஒரு இடம் விடாம..."

கசில்டாவின் கை பெட்டிமேல் அப்படியே நின்றது. கட்டிலில் நியேவெஸ் பறவையைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். பச்சை இறக்கையின் நுனி ஈரத்தில் திரிபோல ஒட்டிக் கிடந்தது.

"அந்த இறக்கையைச் சப்பிக்கிட்டுத்தான்டா அவ தினமும் தூங்குறா."